பேத்தையிலிருந்து ஒரு கோடு

புரட்டாதிச் சனிக்கிழமைகளில் நான் மீன் சாப்பிடுவதில்லை, ஐயா. வெட்டுவதோடு சரி. விஞ்ஞானம் படிப்பிக்கிறவனுக்கு அதில் குற்றமில்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

பத்து வருடங்களாக எங்கள் கடல்நீரேரி மீன்களின் வயிற்றைக் கீறி, எது எதைத் தின்கிறது என்று கொப்பியில் எழுதி வந்தேன். கடற்புல்லான சாதாளையை ஓரா மீன் மேய்கிறது. ஓராக் குஞ்சைக் கொடுவா விழுங்குகிறது. குருநகர்ச் சிமியோன் தன் வலையில் வந்ததையெல்லாம் கொண்டுவந்து தருவான். பேத்தை மீனையும்தான். அதன் ஈரலிலும் சினையிலும் நஞ்சு என்று குருநகரில் எல்லாருக்கும் தெரியும். அதை எவரும் தின்பதில்லை.

பிறகு நமசிவாயம் எங்கள் பாடசாலைக்கு மாற்றலாகி வந்தான். கண்டியில் இருந்தபோது மகாவலி மீன்களை அவனும் இப்படித்தான் ஆராய்ந்திருந்தான். இரண்டையும் ஒப்பிடுவோம் என்றான். சனிக்கிழமைகளில் அவன் வீட்டு முற்றத்தில் நான் வெட்டுவேன். அவன் பெரிய தாளில் ஒவ்வோர் இரையிலிருந்தும் அதைத் தின்கிற மீனுக்குக் கோடு போடுவான். ஆற்று மீனை மரங்கள் உதிர்க்கும் பழமும் இலையும் வளர்க்கின்றன, இங்கே அந்த வேலையைச் சேறும் சாதாளையும் செய்கின்றன என்று ஒரே மாதத்தில் கண்டு சொன்னான். பத்து வருடமும் அது என் கொப்பியில்தான் கிடந்தது. என் கண்ணுக்குத்தான் படவில்லை. வயிறு எரிந்தது, ஐயா. அதில் மறைக்க ஒன்றுமில்லை.

கட்டுரை கொழும்புக்குப் போகத் தயாரானது. "உங்கடை பேரும் இருக்கு, பாருங்கோ அண்ணை," என்று கடைசிப் பக்கத்தைக் காட்டினான். மீன்களை வெட்டித் தந்த திரு. சோமசேகரத்துக்கு நன்றி என்று ஒரு வரி இருந்தது.

நான் பெரிய தாளைப் பார்த்தேன். பேத்தையிலிருந்து மட்டும் ஒரு கோடும் புறப்படவில்லை. அதைத் தின்ற எந்த மீனும் என் கத்திக்கு வந்ததில்லை.

வெட்டிய மீனை வீணாக்காமல் அவன் மனைவி மீனாம்பிகை பனங்கிழங்கு மாவில் ஒடியற் கூழ் காய்ச்சுவாள். கூழுக்குள் பத்து வகை மீன் போகும். எது எதென்று யாருக்கும் தெரியாது. நான் விரதம். அவளும் வருடம் தவறாமல் புரட்டாதிச் சனி பிடிக்கிறவள். நமசிவாயத்துக்கு அந்தப் பழக்கமே இல்லை. எல்லாம் யோசித்துத்தான், அந்தச் சனிக்கிழமை கழுவிய மீனோடு பேத்தையின் ஈரலையும் சினையையும் பொடியாக நறுக்கிச் சட்டியில் போட்டுக் கொடுத்தேன்.

"உங்களுக்கு மரக்கறி புறம்பா வைச்சிருக்கிறன், அண்ணை," என்றாள் மீனாம்பிகை. அவனுக்குக் கூழ் வார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பனையோலைப் பிளாவில் வார்த்தாள்.

"உமக்கு விரதம் இல்லையோ?"

"இந்தமுறை இல்லை, அண்ணை. மூண்டு மாசம். கூழ் எண்டால்தான் வாய்க்குப் பிடிக்குது."

அதை அவள் முன்பே சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் அவளைத் தடுத்தால் அவனும் குடிக்க மாட்டான். ஆகவே என் சோற்றைச் சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் கறி நன்றாக இருந்தது. பொழுது சாய்வதற்குள் இருவரும் போய்விட்டார்கள்.

நச்சு மீன் விற்றான் என்று சிமியோனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். ஊரெல்லாம் அவன் பெயர்தான். ஒன்றும் அறியாத மனிதன். அவனுக்காகத்தான் மனச்சாட்சி பொறுக்காமல் வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பேத்தையிலிருந்து மனிதனுக்குக் கோடு போட்டவன் நான். நான் ஒருவன்தான்.

எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், ஐயா. சிமியோனின் பெயர் ஏன் முதலில் வருகிறது? மீன் கொண்டுவந்து தந்தவன் என்று கடைசியில் ஒரு வரி போதும்.