தோன் நிகாசியோவின் இரண்டு கால்கள்

புண்ணாற்றும் குவாச்சலலாத்தே மரப்பட்டையைக் கொதிக்க வைத்து வடிகட்ட, காப்பி வடிகட்டும் துணியே போதும். மெக்சிகோவில், குவெர்னவாக்கா நகர ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாக எனக்கு அதுதான் வேலை. கிருமி வளர்த்த தட்டில் ஒரு பக்கம் சாற்றைச் சொட்டுவோம், மறுபக்கம் வெறும் தண்ணீரை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கிருமியைக் கொன்றது சாறுதானா என்று தெரியும். தண்ணீர்ப் பக்கம் இல்லாத தட்டை எங்கள் தலைவி திரும்பியும் பார்க்க மாட்டார்.

என் மகள் யாரெலிக்குப் பத்தொன்பது வயது. ஆணி குத்திய கால் புண்ணுக்கு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்றார் மருத்துவர். அவள் புண்ணிலிருந்த கிருமியைத் தட்டில் வளர்த்தேன். சாறு பட்ட இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. மருத்துவரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"தட்டுல சாகுறதெல்லாம் ஒடம்புல சாகாதும்மா. மனுசனுக்குக் கேக்குதுன்னு காட்டுங்க, பாக்கலாம்" என்றார்.

எட்டே நாள்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் தோன் நிகாசியோவுக்கு முற்றிய சர்க்கரை நோய். பாதங்களில் உணர்ச்சியே கிடையாது. தினமும் நான்தான் கழுவிவிடுவேன்.

"காலு ரெண்டும் எனக்கு முன்னாடியே போய்ச் சேந்துருச்சு லியோபா. செத்தவங்க திருநாளுக்கு அதுகளுக்கும் ஒரு ரொட்டி படைச்சிரு" என்பார்.

இரண்டு குதிகாலிலும் ஒரே அளவு கீறினேன். இரண்டிலும் யாரெலியின் கிருமியைத் தடவினேன். பிறகு தினமும் வலது காலுக்குச் சாறு, இடது காலுக்குத் தண்ணீர். அவர் பாட்டுக்கு வானொலி கேட்டுக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் வலது கால் ஆறிவந்தது. இடது கால் கறுத்தது. சாற்றுப் புட்டி என் மடியில்தான் இருந்தது. இடது காலிலும் ஊற்றியிருந்தால் வித்தியாசம் தெரியாமல் போயிருக்கும். காய்ச்சலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா எனக்கு யாரும்மா இருக்கா?" என்றார். அழுதேன். ஆனால் ஊற்றவில்லை.

ஏழாம் நாள் இறந்துபோனார். மறுநாள் வெள்ளிக்கிழமை. இரண்டு கால்களின் படத்தையும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இது யாரோட காலு?" என்று மட்டும் கேட்டார். பிறகு போலீசைக் கூப்பிட்டார். யாரெலியின் காலையும் எடுத்துவிட்டார்கள்.

கீறியது நான், கிருமி வைத்தது நான். எதையும் மறைக்கவில்லை. ஆனால் நீதிபதி ஐயா, தோன் நிகாசியோ செத்தது இடது காலால். நான் வைத்தியம் பார்த்தது வலது காலுக்கு. அது நன்றாகவே ஆறிவிட்டது.