உணவுத் தாளின் கீழ்ப்பாதி

உட்காரச் சொன்னதற்கு நன்றி, டாக்டர். உங்கள் அறை நாற்காலி பரவாயில்லை. வார்டில் போட்டிருப்பது முதுகை ஒடிக்கிறது.

என் கணவர் தராசுகளைச் சோதிக்கும் அதிகாரி. எந்தக் கடையில் எத்தனை கிராம் குறைகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை ஓயாது. முதல் வாய் சாப்பிடுவார், மின்விசிறியைப் பார்ப்பார், பிறகு தீர்ப்பு வரும். "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல்." "எங்க அக்கா செஞ்சா இப்படியா இருக்கும்?" இருபத்தேழு வருடம். நான் ஒருநாளும் எதிர்த்துப் பேசியதில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய புண்ணின் தழும்பால் அவருக்கு இரைப்பையின் வாசல் சுருங்கி, காலையில் சாப்பிட்டது சாயங்காலம் வாந்தியாக வந்தபோது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வயிற்றைத் திறந்து, அடைப்பைத் தவிர்த்துக் குடலுக்குப் புதுப்பாதை போடலாம் என்றார் சர்ஜன். நீங்களோ, வாய்வழியாகக் குழாய் விட்டுப் பலூனை ஊதி வாசலை விரித்துவிடலாம், கத்தியே வேண்டாம் என்றீர்கள். நாத்தனார் சர்ஜன் பக்கம் நின்றாள். அதனால் நான் உங்கள் பக்கம் நின்றேன்.

பலூன் நன்றாகவே வேலை செய்தது. உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை.

நர்ஸ் கொடுத்த உணவுத் தாளின் மேல்பாதியில் "வடிகட்டிய திரவம் மட்டும்" என்று இருந்தது. கீழ்ப்பாதியில், நான்காம் நாளிலிருந்து குழைவான உணவு, இரண்டு வாரம் கழித்து வழக்கமான சாப்பாடு.

வீட்டுக்கு வந்த அன்று கேரட்டை வேகவைத்து, வடிகட்டி, ஒரு கோப்பை கொடுத்தேன். அவர் மின்விசிறியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இந்தாம்மா, ரொம்ப நல்லா இருக்கு" என்றார்.

நான் சமையலறைக்குப் போய், சத்தம் கேட்காமலிருக்கத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

நான்காம் நாள் காலை, தாளின் கீழ்ப்பாதியைக் கத்தரித்தேன். மேல்பாதிக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். முத்திரை குத்திய தாளை அவர் கேள்வி கேட்கமாட்டார். முத்திரை மேல்பாதியில்தான் இருந்தது.

நான்கு மாதம், டாக்டர். கல்யாணமான புதிதில்கூட அவர் அப்படி இருந்ததில்லை. நான் வடிகட்டும்போது பக்கத்தில் வந்து நிற்பார்.

"இன்னிக்கு என்ன தண்ணி?"

"பூசணிங்க."

"அடடா, உன் கைக்குத் தங்கக் காப்பு போடணும்."

பதினோரு கிலோ இறங்கினார். வீட்டுத் தராசு பழுது என்று அவரே சொல்லிவிட்டார். துறை அதிகாரி சொல்லும்போது நான் என்ன பேச? நீங்கள் விசாரித்தபோது, "குடுத்ததையெல்லாம் சாப்பிடறார்" என்றேன். அதில் பொய் இல்லை.

இடுப்பில் பேண்ட் நிற்காமல் போனதும் நாத்தனார் இங்கே இழுத்து வந்தாள். நீங்கள் மறுபடி குழாய் விட்டுப் பார்த்து, "வாசல் திறந்துதான் இருக்கு" என்றீர்கள். "அப்ப ஆள் ஏன் இப்படிக் கரையறார்? உங்க பலூனை நம்பினது போதும்" என்றார் சர்ஜன். நாளைக் காலை ஆபரேஷன் என்று முடிவானது. படித்த இரண்டு பேர் வராந்தாவில் சண்டை போட்டது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சம்மதத் தாளில் கையெழுத்துப் போடும்முன் சர்ஜனிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"வெட்டின பிறகு எத்தனை நாளுங்க வெறும் திரவம்?"

"பலூனைவிட அதிக நாள் ஆகும்மா."

போட்டேன்.

காலையில் அவர் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ரொட்டி வாங்கித் தின்றாராம், சாயங்காலமாகியும் வாந்தி இல்லையாம். அதற்குத்தானே கூப்பிட்டீர்கள்? அடைப்பு இல்லை, டாக்டர். அவரைப் பட்டினி போட்டது நான்தான். என் கையெழுத்தைக் கிழித்துவிடுங்கள். ஆபரேஷன் வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். அந்த ரொட்டியைத் தின்றுவிட்டு அவர் என்ன சொன்னார்?

பிரமாதம் என்றாரா? ஆஸ்பத்திரி ரொட்டியையா?

அப்படியானால் அவருக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை. கையெழுத்து அப்படியே இருக்கட்டும்.