வாசற்படிப் பால்

வாசுதேவன், சிரிப்பதென்றால் இப்போதே சிரித்து முடித்துவிடும் ஐசே. இது நம்முடைய கணேசலிங்கத்தின் மச்சான் யோகராஜாவுக்கு நடந்தது.

எண்பத்தொன்பது டிசம்பர். பின்னேரம் நாலரை... அதற்குள் கும்மிருட்டு. லண்டனின் மேற்குக் கோடி, ஆற்றோரப் பாதையில் ஒரு சனம் இல்லை. யோகராஜா காவல் ஷிப்டுக்கு நடக்கிறான். அவன் காவல் காத்த இடத்தில் பழங்காலத்துச் சின்னங்களுக்காக நிலத்தைத் தோண்டி ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அடியில் ரோமர் கட்டிய கல்வீடு. அது இடிந்து கனகாலத்துக்குப் பின் வந்த குடியானவர்கள், அதன் தரையையே வெட்டிக் குடிசை போட்டிருந்தார்கள். குடிசையின் வாசற்படிக்குக் கீழே... ஒரு பச்சைப்பிள்ளையின் எலும்பு.

"குடிசை நிலைக்க வேண்டுமென்று புதைத்திருப்பார்கள். கைகால் கிடக்கிற கிடையைப் பார்த்தால்... உயிரோடுதான்" என்றாள் ஆராய்ச்சிக்காரி. வெளியே எடுக்க அனுமதிக் கடிதம் வரும்வரை எலும்பு தார்ப்பாயின் கீழேயே கிடந்தது.

யோகராஜாவுக்கு மனம் கேட்கவில்லை. நகரத்தின் மறுகோடி, செவன் கிங்ஸ் வீட்டில் அவனுக்கும் மூன்று மாதப் பெண்பிள்ளை. ஊரில் எரித்த மறுநாள், காடாத்து அன்று, செத்தவருக்குப் பால் ஊற்றுவோமே, இதற்கு யார் ஊற்றினார்கள்? தேநீருக்கு வைத்திருந்த பாலை ஊற்றினான். சளக்... சளக்... மண் உறிஞ்சுகிறது என்று நினைத்தான், மடையன்!

நாலு நாள் ஊற்றினான். ஐந்தாம் நாள் ஷிப்ட் மாறும்போது ஆராய்ச்சிக்காரி பாய்ந்தாள். "எலும்பை யார் மாற்றினது?" தொடை எலும்பு அவள் அளந்ததைவிட ஒரு விரற்கடை நீளம். முன்பு வெறுமையாயிருந்த தாடையில் இரண்டு பால்பற்கள்.

அவள் போனதும் காவல் கொட்டிலில் போன் அடித்தது. மனைவி கலாவதி.

"கிளினிக்கில நிறை பார்த்தவை அப்பா. பிள்ளை ஒரு கிழமையில ரெண்டு இறாத்தல் குறைஞ்சிட்டுதாம். நல்லாத்தானே குடிக்கிறாள்..."

யோகராஜா போனை வைத்தான். இனி ஒரு சொட்டும் இல்லை என்று பாலை ஆற்றில் கொட்டினான். இரவு முழுக்கத் தார்ப்பாயின் கீழ் சிணுங்கல்... காதைப் பொத்திக்கொண்டு இருந்தான். மூன்று மணிக்குச் சிணுங்கல் நின்றது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தான். குழி வெறுமை.

முதல் ரயிலில் வீட்டுக்கு ஓடினான். வீடெல்லாம் சேற்று மணம். கலாவதி மார்பைப் பொத்திக்கொண்டு அழுதாள். துணியில் இரத்தம்.

"மூண்டு மணிக்குப் பிறகு, எப்பிடித் தவழ்ந்தாளோ, வாசல் கதவடியில கிடந்து கத்தினாள். இருட்டில தூக்கிப் பால் குடுத்தன். கடிச்சுப் போட்டாளப்பா! பிறகு இருட்டிலயே தொட்டிலில கிடத்தினனான்."

தொட்டிலில் பிள்ளை விறைத்துக் கிடந்தாள். இரவே உயிர் போயிருந்தது. யோகராஜா அவள் வாயைத் திறந்து பார்த்தான்...

ஒரு பல்லும் இல்லை.