எட்டாவது ஸ்டட்டு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் ஊர்த்தலைவி ஃபெலிசா அம்மையார் அவர்களே, வண்டி பழுதுபார்ப்போர் சங்கத்து மூத்தவர்களே, இந்தக் கூடைப்பந்துத் திடலின் கடைசிப் படிவரை நிறைந்திருக்கும் மட்னோக் துறைமுகத்துப் பெரியோர்களே, பிள்ளைகளைத் தோளில் சாய்த்தபடி வந்திருக்கும் தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் இந்த ரொமுலோவின் கரியேறிய கைகள் கூப்பிய வணக்கம்.

ஆண்டின் சிறந்த மெக்கானிக் என்று என் பெயர் பொறித்த கேடயம் மேசைமேல் இருக்கிறது. அதைத் தொடும்முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

புகைக்குழாயை இன்ஜினோடு இறுக்கிப் பிடிக்கும் மரையாணியை ஸ்டட்டு என்போம். சுண்டுவிரல் நீளம்தான். கடலின் உப்பும் இன்ஜினின் கொதிப்பும் சேர்ந்து அதைத் துருவோடு துருவாய் இறுக்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும்? எண்ணெய் விட்டு ஊறவிட வேண்டும். சூடு காட்ட வேண்டும். ஒரு நூலளவு தளர்த்தி, அரை நூலளவு முறுக்கி, கெஞ்ச வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும்.

மூன்று மழைக்காலத்துக்கு முன் டொமினடோர் அண்ணன் தன் வேனைக் கொண்டுவந்தார். இதோ, முன்வரிசையில் மனைவி நெனீட்டாவோடு அமர்ந்திருக்கிறார். புகைக்குழாய் ஓரம் புஸ்ஸென்று கசிவு.

"மத்தியானக் கப்பலப் புடிக்கணும் ரொமுலோ. பொண்ணு டிக்கெட் வரிசைல நிக்குது."

"ஒரு மணி நேரம்ணே. உக்காந்து காப்பி குடிங்க."

ஏழு நட்டுகள் கழன்றன. எட்டாவது அசையவில்லை. நான் ஊறவிடவில்லை. சூடு காட்டவில்லை. ஸ்பேனரில் நீளக் குழாயை மாட்டி இழுத்தேன். டிக். ஸ்டட்டு இன்ஜின் மட்டத்தோடு ஒடிந்துபோனது.

பின்வரிசையில் சிரிக்கும் தோழர்களே, அந்த டிக் உங்கள் காதிலும் இருக்கிறது, அறிவேன். அப்போது நாம் என்ன செய்கிறோம்? இரும்புப் பசை குழைத்து, ஒடிந்த துண்டை நட்டோடு அங்கேயே ஒட்டிவிடுகிறோம். எட்டுக்கு எட்டும் இருப்பதுபோல் தெரியும். நானும் ஒட்டினேன்.

அன்று புயலெச்சரிக்கை வந்தது, கப்பல் நின்றது. கப்பல் நின்றால் இந்த ஊரில் என்ன வழக்கம்? கண்ணாடியை ஏற்றி, ஏசி போட்டு, வரிசையிலேயே வண்டிக்குள் தூங்குவோம். அண்ணன், நெனீட்டா, மகள் மூவரும் அப்படித்தான் தூங்கினார்கள். சூட்டில் பசை உதிர்ந்தது. புகை உள்ளே வந்தது. அவித்த முட்டை விற்கும் லூர்தெஸ் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார், ஒருவரும் அசையவில்லை. கல்லெடுத்து உடைத்தார். அதனால் மூவரும் பிழைத்தார்கள்.

பத்தாம் நாள் அண்ணன் ஒரு சேவலோடு என் பட்டறைக்கு வந்தார். "வண்டிக்கு வயசாயிடுச்சு, உன்மேல என்ன தப்பு? நீ பாத்துக் குடுத்தாத்தான் ஏறுவேன்னு நெனீட்டா சொல்றா." சேவலை வாங்கிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை. ஒடிந்த துண்டின்மேல் புது நட்டை வைத்து வெல்டிங் பற்றவைத்து, அந்தச் சூட்டிலேயே மெல்லத் திருகினேன். முழுதாய் வெளியே வந்தது. முக்கால் மணி நேர வேலை. அந்த முக்கால் மணி நேரத்துக்குத்தான் மூன்று உயிரைப் பணயம் வைத்திருந்தேன்.

இருங்கள், நெனீட்டா அம்மா ஏதோ கேட்கிறார். மைக்கைக் கொடுங்கள்.

"ஒடஞ்சுபோச்சுன்னு அன்னைக்கே சொல்லிருந்தா அடுத்த கப்பல்ல போயிருப்போமே ரொமுலோ. அவ்ளோதான?"

அவ்வளவுதான் அம்மா. அவ்வளவேதான்.

கேட்டீர்களா, தோழர்களே? உடையாத ஸ்டட்டு உண்டா? உடைக்காத கை உண்டா? உடைந்தது என்று சொல்ல ஒரு மூச்சு போதுமே, அந்த ஒரு மூச்சை அடக்கியல்லவா மூவர் மூச்சை நிறுத்தப் பார்த்தேன்! இனி என் பட்டறையில் ஒடிந்த துண்டு வண்டிக்காரர் உள்ளங்கையில்தான் முதலில் வைக்கப்படும்.

தலைவி அவர்களே, இந்தக் கேடயத்தை லூர்தெஸ் அம்மாவிடம் கொடுங்கள். அந்தக் கண்ணாடியை உடைத்துவிட்டு, வண்டிக்கு உரியவர் கண்விழித்ததும் உடைத்தது நான்தான் என்று சொல்ல, கையில் கல்லோடு அங்கேயே நின்றவர் அவர். பொறுத்துக் கேட்ட உங்களுக்கு நன்றி. பொறுக்க முடியாதவர்களுக்கும் என் வணக்கம்.