முள்ளரணில் ஓடிய ஆறு

டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல், சார். பரவாயில்லை, குடித்துவிடுகிறேன். எழுதுகிறவர் அவசரப்பட வேண்டாம். நானும் பதிவேடு எழுதுகிறவன்தான். வேகமாகச் சொல்லுகிறவர்களால் விரல் என்ன பாடு படும் என்று தெரியும்.

பெயர் பூமிநாதன். வயது நாற்பத்தாறு. சொந்த ஊர் நயினார்கோவில் பக்கம். பதினோரு வருடமாகத் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில், நாட்டுப்படகுக்காரர்களின் சங்கக் கொட்டகையில் எழுத்தர். காலையில் எந்தப் படகு வடகடலுக்குப் போகிறது, எது தென்கடலுக்குப் போகிறது என்று எழுதுவேன். அவை திரும்பும்வரை வாக்கி டாக்கி முன்னால் உட்கார்ந்திருப்பேன். காற்று எச்சரிக்கை வந்தால் படகுகளுக்குச் சொல்ல வேண்டும். வராவிட்டால் சும்மா இருக்க வேண்டும். பெரும்பாலும் வராது.

அப்படிச் சும்மா இருந்த காலத்தில்தான் நான் ஒரு நாட்டுக்கு ராஜாவானேன்.

சிரிக்கலாம், சார். என் மனைவி முருகலட்சுமி சிரித்துச் சிரித்து ஓய்ந்துவிட்டாள். செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். வெளிநாட்டுக்காரர் ஒருவர், ஒற்றை ஆளாக, ஒரு பகடையையும் நோட்டையும் வைத்துக்கொண்டு ஒரு முழு உலகத்தை உண்டாக்கிக்கொண்டிருந்தார். விதி எளிது. ஒரு கேள்வி கேட்டுப் பகடையை உருட்ட வேண்டும். நான்கு, ஐந்து, ஆறு விழுந்தால் ஆம். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் இல்லை. மலைக்கு அப்பால் ஆள் இருக்கிறார்களா? உருட்டு. அவர்கள் நல்லவர்களா? உருட்டு. வந்த பதிலை வைத்துக் கதையை நாமே வளர்க்க வேண்டும். எதிராளி தேவையில்லை. என்னைப் போன்றவனுக்குக் கடவுளே யோசித்துக் கண்டுபிடித்த விளையாட்டு.

பரமக்குடியில் ஒரு கடையில் பாம்புக்கட்டம் வாங்கினேன். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பகடையை மட்டும் வைத்துக்கொண்டேன். நாட்டுக்கு முள்ளரண் என்று பெயர் வைத்தேன். நான்கு வருடத்தில் ஆறு நோட்டு நிறைந்தது. அரசன் மிகவும் நேர்மையானவன். யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்று தினமும் தன் கையாலேயே எழுதிவைப்பான். எங்கு பார்த்தாலும் கருவேலமரம். மழை கிடையாது. புதிதாக ஓர் உலகத்தையே படைக்கும் வாய்ப்பு கிடைத்தும் நான் நட்டது கருவேல முள்ளைத்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. ராக்கப்பன் சொல்லித்தான் உறைத்தது.

ராக்கப்பனுக்கு முப்பத்து நான்கு வயது. தென்கடலுக்குப் போகிற படகு அவனுடையது. ஒருநாள் கொட்டகையில் என் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டான். மற்றவர்களைப் போலச் சிரிக்கவில்லை. கடைசிப் பக்கம்வரை படித்தான்.

"ஏண்ணே, இது நம்ம ராமநாதபுரம்தானே? தலையில கிரீடம் மட்டும் வச்சிருக்கீக."

"நாடுன்னா அப்படித்தான்."

"ஒரு ஆறு விடுவமாண்ணே? பாவம், சனங்க தண்ணிக்கு எங்க போகும்?"

விதிப்படி உருட்டினேன். ஆறு என்றே விழுந்தது. மேற்கே வெள்ளைப் பாறைகளிலிருந்து ஓர் ஆறு இறங்கி என் தலைநகரத்தைச் சுற்றிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து அது இரண்டு பேர் விளையாட்டானது. வலை விட்டுவிட்டுக் காத்திருக்கிற மதியப்பொழுதில் அவன் கடலிலிருந்து கூப்பிடுவான். பொதுச் சேனலில் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்பதால் எங்களுக்கென்று தனிச் சேனல் வைத்துக்கொண்டோம். நான் பகடையை உருட்டி ஆமா இல்லையா என்று சொல்வேன். கதையை அவன் சொல்வான்.

நன்றாகச் சொன்னான், சார். அதை மறைத்து என்ன பயன்? ஆற்றங்கரையில் ஒரு சந்தை போட்டான். ஊமைப் படகோட்டி ஒருத்தியைக் கொண்டுவந்தான். சுறாக்களோடு சம்பந்தம் பேசப் போகிற தரகன் ஒருவனைக் கொண்டுவந்தான். கொட்டகையில் வலை கட்டிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு என் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவன் குரல் இரைச்சலோடு வரும். இவர்கள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். அவன் கரையில் இருக்கிற நாளில் நான் கதை சொல்லிப் பார்த்தேன். என் அரசன் தானியக் கிடங்கைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது ஒவ்வொருவராக டீ குடிக்க எழுந்து போனார்கள். வினோத்குமார் என்பவர் மட்டும் இருந்தார். அவர் தூங்கிவிட்டார்.

என் தலைநகரத்து மக்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குக் குடிபோனார்கள். பகடையும் அதற்குச் சம்மதித்தது. கோட்டையில் அரசனும் அவனுடைய பதிவேடும் மட்டும் மிஞ்சின. வெளியே போனவர்களின் பெயர்களை எழுதி எழுதி நோட்டு தீர்ந்தது.

தயவுசெய்து பொறாமை என்று எழுதாதீர்கள். நிர்வாகச் சிக்கல் என்று எழுதலாம். ஒற்றை ஆள் விளையாட்டில் இரண்டாவது ஆள் வந்துவிட்டார்; விதிப்புத்தகத்தில் அதற்கு வழி சொல்லவில்லை. அவ்வளவுதான்.

இப்போது அந்த வைகாசி மாதத்து நாளைச் சொல்கிறேன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; கடலில் பெரிய படகே இல்லை. நாட்டுப்படகுகள் பதினொன்று போயிருந்தன. பத்து வடகடலில். தெற்கே ராக்கப்பன் மட்டும்.

மதியம் இரண்டு பத்துக்கு எச்சரிக்கை வந்தது. தெற்கிலிருந்து சூறைக்காற்று, மூன்றரை மணிக்குள். உடனே பொதுச் சேனலில் பத்துப் படகையும் பேர் சொல்லிக் கூப்பிட்டேன். ஒரு படகு பதில் சொல்லவில்லை. விடாமல் ஏழு தடவை கூப்பிட்டுப் பிடித்தேன். என் வேலையில் அன்றைக்கு யாரும் குறை சொல்ல முடியாது. வலை கட்டிக்கொண்டிருந்த வினோத்குமார் தலையை நிமிர்த்தி, "ராக்கப்பனுக்குச் சொல்லிட்டீகளாண்ணே?" என்று கேட்டார். "சொல்லியாச்சு" என்றேன். படகுகளைப் பார்க்க அவர் கரைக்குப் போய்விட்டார்.

பிறகு எங்கள் சேனலுக்கு மாற்றினேன். ராக்கப்பன் எனக்காகக் காத்திருந்தான். அன்றைக்கு ஊமைப் படகோட்டி வாய் திறந்து பேசப்போகிறாள் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். அதைத் தொடங்குமுன் ஒரு கேள்வி கேட்டான்.

"அண்ணே, தெக்க லேசாக் கருக்குதே. தகவல் ஏதும் வந்துச்சா?"

"வானம் தெளிவு. நீ ஆத்தங்கரையிலயே இரு" என்றேன்.

நான் சொன்னது முள்ளரணின் வானத்தை. அங்கே அன்றைக்கு மேகமே இல்லை. நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம். அவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டிருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று ரொம்ப நாள் எனக்கு நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அரை மணி நேரம் விளையாடினோம். அவனுடைய கதைகளில் அதுதான் நல்ல கதை. அவள் என்ன பேசினாள் என்பதை நான் கேட்கவில்லை. அதற்குள் காற்று வந்துவிட்டது. "அண்ணே" என்று இரண்டு முறை கேட்டது. அப்புறம் இரைச்சல்.

படகில் இன்னொருவரும் இருந்தார். அய்யப்பன் என்று பெயர். அவர் விளையாட்டில் இல்லை.

மூன்றாம் நாள் ராக்கப்பன் கரை ஒதுங்கினான். அய்யப்பனை இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். பத்துப் படகைக் காப்பாற்றியதற்காகச் சங்கத்தில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். கடமையைத்தான் செய்தேன் என்று பேசினேன். நல்ல கைதட்டல். என் கதைக்கு ஒருநாளும் அப்படிக் கிடைத்ததில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ராக்கப்பனின் மனைவி வீரலட்சுமி கொட்டகைக்கு வந்தாள். கையில் ஒரு நோட்டு.

"வீட்டுல உக்காந்து இதுலதான் எழுதிக்கிட்டே இருப்பாக. பூமியண்ணன் நாடு, பூமியண்ணன் நாடுன்னு சொல்லுவாக. நீங்களே வச்சுக்கங்கண்ணே. எனக்குப் பாத்தா தாங்கல."

வாங்கிக்கொண்டேன். அட்டையில் என் பெயர்தான் இருந்தது. உள்ளே, ஊமைப் படகோட்டி முதன்முதலாகப் பேச வேண்டிய வாக்கியத்தை எழுதிவைத்திருந்தான். தனியாகக் கோட்டையில் கிடக்கிற அரசனிடம் போய், "அக்கரைக்கு வாங்க ராசா, உங்களுக்கு இடம் போட்டு வச்சிருக்கோம்" என்று அவள் கூப்பிடுவதாக இருந்தது.

நான் அதைப் படித்துவிட்டு என்ன செய்தேன் என்று கேட்டால் உங்களுக்கு என்மேல் மதிப்பே போய்விடும். எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். பக்கத்துக்கு ஏழெட்டு இருந்தன.

இத்தனை நாள் கழித்து ஸ்டேஷனுக்கு எதற்கு வந்தேன் என்று அப்போதே கேட்டீர்கள். விசாரணை அறிக்கையைப் பார்த்தேன். ராக்கப்பன் படகிலிருந்த வாக்கி டாக்கி பழுதானதால் தகவல் போய்ச் சேரவில்லை என்று எழுதி முடித்துவிட்டிருக்கிறார்கள். சங்கத்துப் படகு செட்டுகளையெல்லாம் பதினோரு வருடமாகப் பராமரிப்பவன் நான், சார். உப்புக்காற்றில் ஒரு பொத்தான்கூடத் துருப்பிடித்ததில்லை. செட் நன்றாக இருந்தது. அந்த வரியை மட்டும் திருத்திவிட்டால் போதும் என்றுதான் பஸ் ஏறினேன். வந்த இடத்தில் நீங்கள் மற்றதையும் கேட்டுவிட்டீர்கள்.

நீங்கள் கேட்டதில் சொல்லப் பாக்கி ஒன்றுதான். தெற்கே கருக்கிறதே என்று அவன் கேட்டதும் நான் சட்டென்று பதில் சொல்லிவிடவில்லை. அவ்வளவு பொறுப்பில்லாதவன் அல்ல. பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, எச்சரிக்கை வந்ததைச் சொல்லலாமா என்று முறைப்படி கேட்டுப் பகடையை உருட்டினேன். ஐந்து விழுந்தது. ஆனால் நோட்டில் இடித்து நின்றதால் அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. மறுபடி உருட்டியதில் ஆறு. பகடை சரியாகப் புரண்டிருக்காது. அதற்கடுத்து நான்கு. நாலாம் தடவை இரண்டு விழுந்தது. அதற்குப் பிறகுதான் வானம் தெளிவு என்றேன்.

இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்: பகடை சொன்னதை நான் ஒருநாளும் மீறியவன் இல்லை.