டாரியெலைத் தின்றது உண்மை

என் பெயர் யுர்மாரிஸ் கொலுங்கா. வயது முப்பத்தொன்பது. விவாகரத்தானவள். கியூபா, புவேர்ட்டோ அல்மேஜா நகரம், உப்பளத் தெரு, பதினான்காம் எண் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருந்து வருகிறேன். துறைமுக மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலை பார்க்கிறேன். என் மீது இதற்கு முன் எந்த வழக்கும் கிடையாது. இதை யாரும் என்னை மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. சார்ஜென்ட் மெதீனா கேட்க, நான் சொல்ல, அவர் எழுதுகிறார்.

எங்கள் ஊர் பேஸ்பால் அணியான நண்டுகளின் பயிற்சியாளர் எவெலியோ சமோராவைப் பொது இடத்தில் மறித்து வைத்ததாகவும், காவலர் கலையச் சொல்லியும் கலையவில்லை என்றும், மேற்படி சமோரா குடும்பத்தின் ரேஷன் ரொட்டியில் ஒன்றைத் தின்றுவிட்டதாகவும் என் மேல் புகார் என்று சொன்னார்கள். முதலாவது பொய். இரண்டாவதற்குக் காரணம் உண்டு. மூன்றாவது உண்மை.

சம்பவம் நடந்த இன்று வெள்ளிக்கிழமை எனக்கு விடுமுறை. காலையில் ரொட்டிக்கடை வரிசையில் நின்று, தனி ஆள் என்பதால் எனக்கு உண்டான ஒரே ஒரு உருண்டை ரொட்டியை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அதன் பிறகு நகரப் பூங்காவின் வாதாம் மரத்தடிக்குப் போனேன். ஊரில் அந்த இடத்தைச் சூட்டு மூலை என்பார்கள். அங்கே தினமும் நண்டுகளைப் பற்றிப் பேசுவது வழக்கம். பேசுவது என்பது சார்ஜென்ட் போட்ட சொல். நான் சொன்னது கத்துவது.

சூட்டு மூலைக்கு ஒரு சட்டம் உண்டு. மரத்தின் வேர் வெளியே தெரிகிற தூரம் வரை வட்டம். வட்டத்துக்குள் கால் வைத்தவர் கருத்துச் சொல்லியாக வேண்டும். சொன்னவர், எதிர்ப்பேச்சு ஓய்வதற்கு முன் வட்டத்தை விட்டு வெளியே போனால் தோற்றதாகக் கணக்கு. தோற்றவர் அந்த விஷயத்தைப் பற்றி அந்த வருடம் முழுவதும் வாய் திறக்கக் கூடாது. செருப்புத் தைக்கும் நிகாசியோ, சென்ற வருடம் தனக்குப் பேத்தி பிறந்த செய்தி வந்தபோதுகூட, எங்கள் மூன்றாவது பந்துவீச்சாளரைப் பற்றிய வாதத்தை முடித்துவிட்டுத்தான் மருத்துவமனைக்குப் போனார். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

போன சீசனில் நண்டுகள் கடைசி இடத்தில் வந்ததை சார்ஜென்ட் அறிவார். அடுத்த சீசனுக்கான ஆட்டக்காரர் பட்டியலை சமோரா இன்று மாலை விளையாட்டு அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். அதில் ஒஸ்னியெல் தபாரெஸ் பெயர் இருக்காது என்று ஒரு வாரமாக ஊரே பேசிக்கொண்டது. ஒஸ்னியெலுக்கு வயது முப்பத்தாறு. இந்த வருடம் பெயர் விட்டுப்போனால் அவன் ஆட்டம் அதோடு முடிந்தது, நேராக மீன் கிடங்கில் பெட்டி தூக்கப் போக வேண்டியதுதான். மேற்படி ஒஸ்னியெல் என் முன்னாள் கணவன். மற்றவர்கள் சொல்லித் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

பத்து மணி வாக்கில் சமோரா கையில் துணிப்பையோடு பூங்கா வழியாக வந்தார். அவர் வீட்டில் ஐந்து பேர், பையில் ஐந்து ரொட்டி. அவரை யாரும் தொடவில்லை, மறிக்கவும் இல்லை. நிகாசியோ மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து, "என்ன பெரிசு, இந்த வருஷமும் கடைசியிலேர்ந்து முதலிடமா?" என்று கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு போயிருக்கலாம். போகவில்லை. ஊரில் எத்தனையோ வழி இருக்க, தானாகத் திரும்பி, தானாக வேரைத் தாண்டி, வட்டத்துக்குள் வந்து நின்றார். பிறகு, முதல் பேட்டராக இந்த வருடம் டாரியெலை அனுப்பப் போவதாகவும், அவன் ஓட்டத்துக்கு முன்னால் எவனும் நிற்க முடியாது என்றும் சொன்னார். கருத்துச் சொன்னதும் அவர் மாட்டிக்கொண்டார். இதில் என் தவறு எதுவும் இல்லை.

அதன் பிறகு சமோரா, எங்களுக்குப் புரிய வைப்பதற்காக என்று சொல்லி, பையிலிருந்த ஐந்து ரொட்டியையும் எடுத்து பெஞ்சின் மேல் வரிசையாக வைத்தார். அவைதான் முதல் ஐந்து பேட்டர்கள். முதல் ரொட்டி டாரியெல். டாரியெலுக்கு வயது இருபது. நன்றாக ஓடுவான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காற்றில் பறந்து வருகிற எதைக் கண்டாலும் பேட்டை வீசுவான். போன சீசனில் பாதி ஆட்டங்களில் நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் அவன் அவுட்டாகித் திரும்பி வந்துவிட்டான்.

நான் எழுந்து, ஐந்து ரொட்டியில் ஒஸ்னியெல் எங்கே என்று கத்தினேன். அவன் இல்லை என்றார் சமோரா. அப்போது கூட்டத்தில் எழுந்த சிரிப்பை நான் இப்போதும் மன்னிக்கவில்லை.

"பழைய புருஷனுக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கா பாரு" என்றார் நிகாசியோ.

"புருஷனா அவன் எட்டாவது எடத்துக்குக்கூட லாயக்கில்ல, அது எனக்குத் தெரியும். முதல் பேட்டரா அவன விட்டா இந்தக் கரையில ஆள் கெடையாது. ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க" என்று கத்தினேன்.

பதினோரு வருடமாக நான் அந்த மரத்தடிக்குப் போகிறேன். பதினோரு வருடமாக, நான் வாயைத் திறந்தால் யாராவது ஒருவர் என் பின்னால் நின்றுகொண்டு சமையல் குறிப்பு கேட்பார். இன்றும் கேட்டார்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அதன் பிறகு பெஞ்சின் மேல் முதலாவதாக இருந்த டாரியெலை எடுத்துக் கடித்தேன். இரண்டாவது கடியில் பாதி போயிற்று. மீதியையும் தின்றேன். எல்லோரும் பார்க்கத்தான் தின்றேன், மறைத்துத் தின்னவில்லை. "இப்ப முதல் எடம் காலியா இருக்கு, யாரப் போடுவீங்க?" என்று சமோராவைப் பார்த்துக் கத்தினேன்.

அதற்குப் பிறகு கூட்டம் பெரிதாயிற்று. பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் பேருந்தை விட்டுவிட்டு வந்தார்கள். சமோரா தொண்டை கட்டும் வரை பேசினார். வேகம்தான் முக்கியம் என்று அவரும், முதல் பேஸுக்குப் போகாதவனுக்கு வேகம் எதற்கு என்று நானும் மாறி மாறிச் சொன்னோம். பந்துவீச்சாளர் நான்கு பந்தைத் தப்பாக வீசி, பேட்டர் அதைத் தொடாமல் விட்டால், சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விதி இது. நண்டுகளில் அப்படி நடந்து போகிற பொறுமை உள்ள ஒரே ஆள் ஒஸ்னியெல்.

இதற்கிடையில், ரொட்டி வாங்கப் போன கணவர் மதியம் ஆகியும் வீடு திரும்பவில்லை என்று சமோராவின் மனைவி சுலேமா இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து சொல்லியிருக்கிறார். அதன் பேரில் காவலர் பாவோன் பூங்காவுக்கு வந்தார். அவர் கிழக்கே மலைப்பக்கத்துக்காரர், இங்கே மாற்றலாகி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வந்தவர் பார்த்தது இது: ஐம்பது அறுபது பேர் வட்டமாக நின்று கையை ஓங்கிக் கத்துகிறார்கள். நடுவில் ஒரு வயதான மனிதர் வியர்த்துப்போய் நிற்கிறார். அவர் மூக்குக்கு நேரே ஒரு பெண் விரலை ஆட்டுகிறாள். காவலர் பயந்துபோனதில் எனக்கு வருத்தம் இல்லை. யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள்.

காவலர் உடனே கலையச் சொன்னார். ஒருவரும் நகரவில்லை. நகர்ந்தால் தோற்றதாகிவிடும் என்பதே அதற்குக் காரணம். அரசாங்கத்தை எதிர்க்கும் எண்ணம் யாருக்கும் இல்லை. அதன் பிறகு காவலர் வேரைத் தாண்டி உள்ளே வந்து சமோராவின் தோளைப் பிடித்து, "வாங்க ஐயா, பயப்படாதீங்க, நான் ஒங்கள வீட்ல கொண்டுபோய் விடறேன்" என்றார்.

சமோரா கையை உதறினார். "தொடாதீங்க! இப்ப நான் வெளிய போனா இந்தப் பொம்பள ஜெயிச்சதா ஆயிரும்!"

பிறகு காவலர் என்னைக் கூப்பிட்டார். நானும் அதையேதான் சொன்னேன். "கொஞ்சம் பொறுங்க தோழர். இவர முடிச்சிட்டு வரேன்" என்றேன். முடிச்சிட்டு என்று நான் சொன்னது வாதத்தைத்தான். காவலர் துப்பாக்கி உறையில் கை வைத்ததற்கு அதுவே காரணம் என்று இப்போதுதான் புரிகிறது.

அப்போது நிகாசியோ காவலரைப் பார்த்து, "உள்ள வந்துட்டீங்கல்ல தம்பி, சொல்லுங்க. முதல்ல யார அனுப்பலாம்?" என்று கேட்டார். காவலர் பதில் சொல்லாமல் இருந்திருக்க வேண்டும். அவர், "எங்க ஊர்ல எல்லாம் வேகமா ஓடறவனத்தான் முதல்ல அனுப்புவாங்க" என்று சொல்லிவிட்டார். உடனே பத்துப் பேர் அவர் மேல் பாய்ந்தார்கள், வாயால் மட்டும். உங்கள் ஊர் போன வருடம் எங்களிடமே தோற்றது என்று ஒருவர் சொன்னார். அதை மட்டும் காவலரால் தாங்க முடியவில்லை. தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். இந்தப் பகுதியை விட்டுவிடலாமா என்று சார்ஜென்ட் கேட்கிறார். விட முடியாது, எழுதுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அதன் பிறகு சமோரா என்னிடம், "சரி, நீயே சொல்லு. அந்த ஆளுக்கு என்னதான் இருக்கு? அவன் பேட்ட வீசறதே இல்லையே. மரம் மாதிரி நிக்கறான்" என்றார்.

நான் வெளியில் சொல்ல நினைக்காத ஒன்றைச் சொன்னேன். சொன்னபடியே இங்கே பதிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

"எங்க மாடித் தண்ணித் தொட்டியில குழாய் ஒடஞ்சு ரெண்டு வருஷம் ஒழுகிச்சு. தெனமும் கேப்பேன். நேரம் வரட்டும்னு நிப்பான். ஒரு நாள் பொறுக்க முடியாம செருப்ப எடுத்து எறிஞ்சேன். அசையல. ஏன் தெரியுமா? அது படாதுன்னு அவனுக்குத் தெரியும். என் கைய விட்டுக் கெளம்பும்போதே தெரியும். எங்க கல்யாணம் முடியற வரைக்கும் நான் செருப்பு, தட்டு, அலாரக் கடிகாரம்னு எல்லாம் எறிஞ்சிருக்கேன். படாம போறது எதுக்கும் அவன் இமை ஆடினதில்ல. மேல பட வந்த ஒண்ணே ஒண்ணுக்கு மட்டும் தலைய இத்தனூண்டு சாச்சான். அந்தக் கண்ணோட என்னால குடும்பம் நடத்த முடியல. ஆனா அந்தக் கண்ண வச்சுக்கிட்டு நீங்க ஏன் தோக்கறீங்கன்னுதான் எனக்குப் புரியல!"

நான் கைப்பையைத் திறந்து, எனக்கு உண்டான ஒரே ரொட்டியை எடுத்து, பெஞ்சில் டாரியெல் இருந்த முதல் இடத்தில் வைத்தேன். "இதுதான் ஒஸ்னியெல்" என்றேன்.

சமோரா அந்த ரொட்டியைப் பார்த்தார். பிறகு துணிப்பையை விரித்து, வரிசை மாறாமல் ரொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டார். முதலில் எடுத்துப் போட்டது என் ரொட்டியை. அதன் பிறகு யாரையும் பார்க்காமல் நடந்து வேரைத் தாண்டி வெளியே போனார்.

எதிர்ப்பேச்சு ஓயும் முன் அவர் வெளியே போனார். பயிற்சியாளர் தோற்றார். நான் ஜெயித்தேன். தொப்பிகள் மேலே பறந்தன. பதினோரு வருடம் என்னிடம் சமையல் குறிப்பு கேட்டவர்களே என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மரத்தைச் சுற்றினார்கள். நிகாசியோ அழுதார். நானும் அழுதேன், அதற்காக வெட்கப்படவில்லை. அந்த நேரத்தில் காவலர் பாவோன் தொப்பியை மாட்டிக்கொண்டு, இது கலவரம் என்று சொல்லி, என்னைத் தோளிலிருந்து இறக்கி நிலையத்துக்கு அழைத்து வந்தார். அவரும் வாதத்தில் தோற்றவர் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

ரொட்டி விஷயத்தில் நான் சொல்வது இதுதான். சமோரா ரொட்டிக்கடையிலிருந்து ஐந்து ரொட்டியோடு கிளம்பினார், ஐந்து ரொட்டியோடு வீடு போய்ச் சேர்ந்தார். சுலேமா அம்மாளுக்கு ஒன்றும் குறையவில்லை. ஆள்தான் மாறியிருக்கிறது.

என்னை இங்கே அழைத்து வந்ததிலிருந்து ஒஸ்னியெல் நிலைய வாசலில் நிற்பதாகவும், உள்ளே வரச் சொன்னால் நேரம் வரட்டும் என்கிறான் என்றும், அவனுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் சார்ஜென்ட் கேட்டார். சொல்ல ஒன்றும் இல்லை. நிற்கட்டும்.

நான் மேலே சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எழுதியதை சார்ஜென்ட் எனக்குப் படித்துக் காட்டினார். மூன்று இடத்தில் கத்தினேன் என்று திருத்தச் சொன்னேன், திருத்தினார். சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) யுர்மாரிஸ் கொலுங்கா

சார்ஜென்ட் எழுத மறுத்ததால், கையெழுத்துக்குக் கீழே என் கைப்பட எழுதுவது: நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து அறை வானொலியில் நண்டுகளின் பட்டியலை வாசித்தார்கள். முதல் பேட்டர், ஒஸ்னியெல் தபாரெஸ். சார்ஜென்ட் மெதீனா மேசையைத் தட்டி எழுந்ததில் மைப்புட்டி கவிழ்ந்தது. இந்தத் தாளில் உள்ள கறை அவருடையது, என்னுடையது அல்ல.