முன்பனிக் கயம்

குளிர்காலத்தில் ட்ரௌட் மீனுக்கு எதிலும் அவசரம் இல்லை. மலையோடையின் நீர் உறையும் நிலையை நெருங்கும்போது அது வேகமான ஓட்டத்தை விட்டு விலகி, நீர் தேங்கி நிற்கும் ஆழமான கயத்தின் அடியில் போய்க் கிடக்கும். இரை வாயருகே வந்தால் கவ்வும், துரத்தாது. வெயில் நீரில் விழுந்து, கல் சூடேறி, தண்ணீரின் குளிர் சற்றே தணிந்த பிறகுதான் அதனிடம் ஓர் அசைவு தெரியும். ஆகவே முன்பனிக் காலத்தில் விவரம் தெரிந்தவர்கள் உச்சிப்பொழுதுக்கு முன் ஓடையில் இறங்குவதில்லை. இறங்கினால் மீனும் கிடைக்காது. பாறையில் படிந்த உறைபனியில் காலும் நிற்காது.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அய்யா. மலையில் என்னை விசாரித்த போலீஸ்காரர்கள் இதைக் கேட்கவில்லை. அவர்கள் மீது குறை சொல்ல மாட்டேன். இறகால் ஈயைப் போல் கட்டி, அதைத் தூண்டிலில் வீசி மீன் பிடிக்கும் வழக்கம் இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? காலையிலேயே ஏன் இறங்கினீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தால் நான் அன்றைக்கே தடுமாறியிருப்பேன்.

என் பெயர் மயில்சாமி. மண்ணரையில் பனியன் கம்பெனி நடத்துகிறேன். முன்னோர் தறி நெய்தவர்கள்; நாங்கள் துணி தைத்துக் கப்பலேற்றுகிறோம். கிருத்திகைதோறும் கோயில் மண்டபத்தில் பழம்பாடல்களுக்குப் பொருள் சொல்வேன். நான் குறிஞ்சித் திணை சொன்னால் ஊத்துக்குளியிலிருந்தும் கேட்க வருவார்கள். மலை, முருகன், முன்பனி, ஊரறியாமல் மனம் கலந்த இருவர் என்று தொடங்கினால் என் குரலே குழைந்துவிடும் என்பார்கள்.

தூண்டிலைக் கற்றுக்கொடுத்தவர் எங்களிடம் சரக்கு வாங்க வந்த ஒரு வெளிநாட்டுக்காரர். அந்த ஈயைக் கட்ட மயிலிறகின் இழை உகந்தது என்று அவர் சொன்னபோது எனக்கு மெய்சிலிர்த்தது. குறிஞ்சிக் கிழவன் என்னைத் தன் மலைக்கு அழைப்பதாகவே கொண்டேன். மீனை நான் உண்பதில்லை. எதிர்முள் இல்லாத கொக்கியில் பிடித்து, காற்றில் தூக்காமல், நீரோட்டத்துக்கு முகம் காட்டி இரு கையாலும் தாங்குவேன். அதற்கு மூச்சுத் தெளிந்ததும் விட்டுவிடுவேன்.

டேனியல் என் கம்பெனியில் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சன்டைசர். குண்டடத்துப் பையன், தகப்பன் இல்லை. அவனிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன் என்பதையும் மறைக்கவில்லை. அவர்களுடைய மக்காச்சோளக் காட்டில் மயில்கள் உதிர்த்த இறகுகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டி, "சார், உங்க காவடிக்குங்க" என்று என் மேஜையில் வைப்பான்.

என் ஒரே மகள் வினிதா அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்து அவள் சிரித்தாள்.

"ஏனுங்கப்பா, மேடையில மட்டுந்தானுங்களா மனசு கலந்தா போதும்? ஊட்டுக்குள்ள வந்தா வேற உரையா?"

என் மனைவி ஜானகி, "அப்பாகிட்டப் பேசற பேச்சா கண்ணு இது?" என்றாள்.

"பேசக் கத்துக்குடுத்ததே அவருதானுங்கம்மா. நீங்க ஒத்துக்கலீன்னா நாங்க கெளம்பிப் போயிருவோமுங்க. அதுக்கும் ஒரு பேரு சொல்லுவாரே, உடன்போக்குன்னு. அதைச் சொல்றப்ப கண்ணுல தண்ணி வேற உடுவாரு."

அவள் சொன்னது அத்தனையும் சரி. அதனால்தான் நான் கோபப்படவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு முறை உண்டு. தைப்பூசக் காவடி தகப்பனின் தோளிலிருந்து மகன் தோளுக்குப் போகும். மகன் இல்லாவிட்டால் மருமகன் தோளுக்கு. என் பாட்டனாரும் அப்படி மருமகனாக வந்து காவடியை ஏற்றவர்தான். இதை டேனியலிடம் சொன்னேன். அவன் திகைப்பான், தயங்குவான், தானாக விலகிக்கொள்வான் என்று எண்ணினேன்.

"அதுக்கென்னங்க சார், நான் தூக்கறனுங்க. சிலுவை தூக்குன சாமியக் கும்புடறவனுங்க நான். காவடி எனக்குக் கனமாவா இருக்கப்போகுது?" என்றான்.

நல்ல பதில். மண்டபத்தில் யாராவது சொல்லியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன். ஆனால் நாற்பது ஆண்டுகளாக நான் நோன்பிருந்து சுமந்த ஒன்றை, பஸ்ஸில் அடுத்தவர் பையை வாங்கி மடியில் வைத்துக்கொள்வதுபோல் அவன் வாங்கிக்கொள்ள முன்வந்தான். அந்த எளிமையை என்னால் பொறுக்க முடியவில்லை. அவன் மறுத்திருந்தால் அவனை வெறுத்து நிம்மதியாக இருந்திருப்பேன்.

கார்த்திகை முடிவதற்குள் சம்மதம் சொன்னேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மறுத்தால் மகள் போய்விடுவாள். போனவள் என் முகத்தில் விழிக்க மாட்டாள். சம்மதித்தபின் வீடு விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. வினிதா தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த நாட்கள் அப்படியே நிற்க வேண்டும் என்று மட்டுமே நான் வேண்டிக்கொண்டேன்.

தை பிறந்ததும் பூசத்துக்கு மாலை போட்டேன். விரத நாட்களில் என் கையால் எந்த உயிருக்கும் ஊறு நேரக் கூடாது. எறும்பு ஊர்ந்தாலும் ஊதித்தான் விடுவேன். அந்த விரதத்தில் இருந்துகொண்டுதான், ஒரு நாள் மலைக்கு வா என்று டேனியலை அழைத்தேன். வினிதா அவனுக்குத் தன் கையால் கம்பளிச் சட்டை எடுத்துவைத்தாள்.

ஆழ நீரில் இறங்க நெஞ்சுவரை வரும் ரப்பர்க் காற்சட்டை போட்டுக்கொள்வோம். அதன்மேல் இடுப்பில் ஒரு பட்டியை இறுக்கிக் கட்ட வேண்டும். தவறி விழுந்தால் காற்சட்டைக்குள் நீர் புகுந்து நிறையாமல் காப்பது அந்தப் பட்டிதான். என்னிடம் இரண்டு காற்சட்டைகள், இரண்டு பட்டிகள். புறப்படுவதற்கு முன்நாள் ஒரு பட்டியை எடுத்துப் பூஜை அலமாரியில் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று அப்போது என்னையே நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்கு எவ்வளவு முயற்சி வேண்டும் என்பதை அறிந்தவன் நான் ஒருவன்தான்.

மலையில் தேயிலைத் தோட்டத்து ஓடைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் எதிர்மலையின் உச்சியில்தான் இருந்தது. புல் முழுக்க உப்புத் தூவியதுபோல் உறைபனி. பட்டியைக் கட்டிக்கொண்டு ஆழமில்லாத கரையோரம் நின்றேன். அவனை மேலே, கயத்தின் விளிம்புக்கு அனுப்பினேன்.

"சார், காலு இருக்குதான்னே தெரியலீங்க. நம்ம ஸ்டீம் அயர்ன்ல ஒரு தேய் தேய்ச்சாத்தான் உசுரு வரும்" என்று கத்தினான்.

"பெரிய மீனெல்லாம் அடியிலதான் கெடக்கும். இன்னும் ஓரடி முன்னால போ" என்றேன்.

நான் சொன்னது பொய்யல்ல. பெரிய மீன்கள் அங்கேதான் கிடக்கும். அந்த ஓரடிக்கு அப்பால் பாறை முடிந்து நீர் இரண்டு ஆள் ஆழத்துக்கு இறங்குகிறது என்பதும் பொய்யல்ல. அதை அவன் கேட்கவில்லை.

அந்த வேளையில் எந்த மீனும் கவ்வாது. ஆனால் என் தூண்டிலை ஒன்று கவ்வியது. காரணம் எனக்கு இன்றும் புலப்படவில்லை. சிறிய மீன், பக்கவாட்டில் செம்புள்ளிகள். அதைக் கையருகே கொண்டுவந்தபோது மேலே நீர் உடையும் ஓசையும் அவன் கூப்பிட்ட குரலும் கேட்டன.

மீனை விட்டுக்கொண்டிருந்தேன், ஓடை இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை என்று முன்பு எழுதிக் கொடுத்தேன். அதில் முதல் பாதி உண்மை. குளிரில் மீனுக்கு மூச்சுத் தெளிய நேரமாகும். அவசரமாக விட்டால் மல்லாந்து மிதந்து செத்துப்போகும். விரதத்தில் இருந்தேன். இரண்டு கையாலும் தாங்கி, ஓட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைப் பிடித்திருந்தேன். செவுள் மெல்லத் திறந்து மூடியது. அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மீன் வாலை அசைத்து என் விரல்களுக்கிடையே நழுவிப் போன பிறகுதான் நிமிர்ந்தேன்.

அவன் உடலை அன்று மாலை கீழே தடுப்பணையருகே எடுத்தார்கள். வினிதா என் தோளில் முகம் வைத்து அழுதாள். "உங்களுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா நான் என்னங்கப்பா பண்ணுவேன்" என்றாள். அதற்காகத்தானே எல்லாம் என்று ஒரு கணம் தோன்றியது. பூசத்தன்று பழனிக்குக் காவடி எடுத்தேன். அவன் பொறுக்கித் தந்த இறகுகள்தான் அதில் இருந்தன. கழற்றினால் வீட்டில் காரணம் கேட்பார்கள்.

போன வாரம் அவன் தாய் நிர்மலா எங்கள் வீட்டுக்கு வந்தாள். நாற்காலியில் உட்காரச் சொல்லியும் நின்றே பேசினாள்.

"நீங்க ஒருத்தருதானுங்க எம்பையன உங்கூட்டுப் புள்ளையாட்டப் பாத்தீங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கோணுமுங்க. கடைசியா ஏதாச்சும் சொன்னானுங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்கம்மா."

"அம்மான்னாச்சும் கூப்புட்டானுங்களா? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லுங்க. அது தெரிஞ்சாப் போதுமுங்க எனக்கு. ராவெல்லாம் அதே நெனப்புங்க."

வினிதா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் அந்தத் தாயைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். அன்றிலிருந்து அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. பதிகம் சொல்ல வாயைத் திறந்தால் நிர்மலாவின் கேள்விதான் எனக்கு முதல் அடியாக வருகிறது. மற்ற பொய்களை என்னால் சுமக்க முடிந்தது. இதை முடியவில்லை. ஆகவே வந்தேன்.

அவன் அம்மா என்று கூப்பிடவில்லை.

மீனை விட்டபின் நான் மேலே ஏறிப் போனபோது அவன் மூழ்கியிருக்கவில்லை. பாறை விளிம்பைக் கட்டிக்கொண்டு கிடந்தான். காற்சட்டை நீர் குடித்து அவனைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. ஓடையில் ஊன்றி நடக்க வைத்திருந்த என் கோலை நீட்டினேன். நீட்டினேன் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். அவன் ஒரு கையால் பற்றினான். பிறகு பாறையை விட்டு மறு கையாலும் பற்றினான். கனத்தது. இழுத்தேன், வந்தான். எங்கள் இருவருக்கும் இடையே ஒரு கோல் நீளம்தான். உதடுகள் நீலம் பாரித்திருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தான். அதுவரை ஒருநாளும் என்னை அப்படி அழைக்காதவன், "மாமா" என்றான்.

கோலை விட்டுவிட்டேன்.

அவன் கடைசியாகச் சொன்ன சொல் அதுதான். அந்தத் தாயிடம் அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அய்யா; என்னால் ஆகாது. அவன் எப்போதும்போல் சார் என்றே அழைத்திருந்தால் நான் கட்டாயம் கரை சேர்த்திருப்பேன் என்பதையும் அவளிடம் மறக்காமல் சொல்லுங்கள்.